மூன்று தடவை இருமினால் கூடாது

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது, கடைசியில்தான் இருக்கிறது, நடுவிலே தேடிப் பிரயோஜனமில்லை. ஒருத்தர் நன்றாக ஏமாறுகிறார், ஏமாந்தது அவருக்கே தெரிகிற நிமிஷத்தில் அந்தச் சிரிப்பு வரும், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அதற்கு முதலில் ஒரு பூனைக்கு இருமல் வர வேண்டும், அந்தப் பூனை இன்னும் வீட்டுக்கே வந்து சேரவில்லை, பூனைக்கு முந்தி அந்த இருமல் ஒரு மனுஷரிடம் இருந்தது.

அம்பாசமுத்திரத்தில் ஆற்றுக்குப் போகிற சந்தில் ஒரு வளவு. ஒரே வாசல், வாசலுக்குள் நீளமாக ஒரு முற்றம், முற்றத்தின் இரண்டு பக்கமும் வீடுகள், எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். குழாயடியில் பெண்கள் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பதால், ஆண்கள் வாசலில் நின்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். மற்ற ஆண்கள் செருமினார்கள், வந்தார்கள், போனார்கள். வளவின் சொந்தக்காரர் பால்வண்ணம் அண்ணாச்சி மட்டும் செருமலோடு நிற்காமல் அதை இருமலாக வளர்த்து, இருமலை ஒரு பாஷையாக வளர்த்து, கடைசியில் மற்ற பாஷையை எல்லாம் கைவிட்டுவிட்டார். ஒரு தடவை இருமினால் நான் வந்திருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு தடவை இருமினால் சரி, ஆகட்டும். மூன்று தடவை இருமினால் கூடாது. மூன்றாவது இருமலுக்குப் பின்னால் மூக்குப்பொடியை உறிஞ்சுவதுபோல ஒரு சின்ன உறிஞ்சல் வரும், இதைப் பற்றி இனிப் பேச்சே கிடையாது என்று அதற்கு அர்த்தம். அவர் மனைவி ஆவுடை கல்யாணமான புதிதில் ஒரு தையல் மெஷின் கேட்டாள். மூன்று தடவை இருமினார், உறிஞ்சினார், அதற்குப் பிறகு அவள் வயதுக்கு ஏற்றபடி ஆசைகளை மாற்றிக்கொண்டே வந்தாலும் பதில் மாறவில்லை.

இப்படிப்பட்ட இருமலுக்கு யாராவது மருந்து கொடுப்பார்களா? நெஞ்சு முழுக்கச் சளி கட்டி, சோறு கொதிக்கிற மாதிரி உள்ளே கொதகொதவென்று சத்தம் கேட்டபோதும் வளவில் எல்லோரும் அதை உத்தரவு என்றே எடுத்துக்கொண்டார்கள், அவர் விடாமல் இருமினால் விடாமல் கீழ்ப்படிந்தார்கள். "டாக்டரைப் பாப்போமா" என்று ஆவுடை ஒரு நாள் கேட்டாள். மூன்று தடவை இருமினார், உறிஞ்சினார், பேச்சு முடிந்தது. கொஞ்ச நாளில் அவரும் முடிந்தார்.

அவருக்கு ஒரே மகள், கோமு, பதினோராம் வகுப்பு. அவள் தொண்டைக்குள் ஊரே குடியிருந்தது. "பாபநாசம் பாபநாசம், உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் கெடக்கு" என்று அவள் பஸ் கண்டக்டர் குரல் கொடுத்தால் முற்றத்தில் நிற்கிறவர்கள் தங்களையறியாமல் இரண்டடி உள்ளே நகர்வார்கள். தலைமையாசிரியை போல "அமைதி, அமைதி, இது பள்ளிக்கூடமா சந்தைக்கடையா" என்பாள். குக்கர் விசில் அடித்து மூன்றாம் வீட்டுச் செண்பகத்தின் பருப்பைப் பாதி வேக்காட்டில் இறக்க வைப்பாள். ஒரே ஒரு சத்தத்தை மட்டும் அவள் தொட்டதில்லை. அப்பாவின் இருமலைச் செய்து பார்க்க அவர் இருந்தபோது தைரியம் வரவில்லை, அவர் போன பிறகு மனசு வரவில்லை.

ஐப்பசி மழையில் கோமு ஒரு பூனைக்குட்டியைத் தாவணிக்குள் பொதிந்து தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பா பொடி வாங்குகிற கடையின் மரப்பலகைக்கு அடியில் நனைந்து கிடந்ததாம். செக்கில் ஆட்டிப்போட்ட புண்ணாக்கு நிறம், அதனால் புண்ணாக்கு என்றே பெயர். ஆவுடை ஒரு தட்டில் பால் ஊற்றி வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சாயங்காலம் உலகநாதன் சித்தப்பா வந்து சொன்னார். அவர் அண்ணாச்சியின் தம்பி, தெருமுனையில் பாத்திரக்கடை. அண்ணன் போன பிறகு வளவை நிர்வாகம் பண்ணுகிறவர் தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார், வளவு அப்படி நினைக்காததில் அவருக்கு ஒரு மனத்தாங்கல்.

"என்ன மதினி, சாவு நடந்த வீட்டுல பூனையா?"

"பிள்ளை கொண்டாந்துட்டா" என்றாள் ஆவுடை.

"பிள்ளை நாளைக்கு ஆனையைக் கொண்டாருவா. கெட்டிப் போடுவியளா?" என்றார் சித்தப்பா. "ஏளா கோமு, காலையில சாக்கோட வாரேன். ஆத்துக்கு அந்தப் பக்கம், கல்லிடைக்குறிச்சியில கொண்டு விட்டுட்டா, தண்ணி தாண்டி வராது."

கோமு அவர் போன பிறகு அவரைப் போலவே "தண்ணி தாண்டி வராது" என்று சொல்லிப் பார்த்தாள். குரல் அச்சாக வந்தது. அழுகையும் வந்தது.

மறுநாள் காலை குழாயடியில் கூட்டம். செண்பகம் குடத்தை வைத்துக்கொண்டு வரிசையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறாள், பிள்ளைகள் பாடப் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கிறார்கள், எதிர்வீட்டு ஜோசப் சார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பல் விளக்குகிறார், சித்தப்பா வேட்டியைத் தொடைக்கு மேலே மடித்துக் கட்டிக் கையில் சாக்கோடு நுழைகிறார். அந்த நேரத்தில் வாசல்படியில் உட்கார்ந்திருந்த புண்ணாக்கு கழுத்தை நீட்டி, தோளைக் குறுக்கி, ஒரு தடவை இருமியது.

பால்வண்ணம் அண்ணாச்சியின் இருமல்.

குழாய் நின்றது. குடம் நகர்ந்தது. பிள்ளைகள் கைக்குப் புத்தகம் எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்கே தெரியவில்லை. ஜோசப் சாரின் லுங்கி கணுக்கால் வரைக்கும் இறங்கியது, சித்தப்பாவின் வேட்டி அதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டது, சாக்கு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அப்புறம்தான் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி கோமுவைத் திரும்பிப் பார்த்தார்கள். கோமுவின் வாய் முழுக்கப் பற்பசை நுரை, கண் இரண்டும் பூனைமேல். புண்ணாக்கு இன்னும் இரண்டு தடவை இருமி, மூன்றாவதின் வாலில் மூக்கைச் சின்னதாக ஒரு உறிஞ்சல் உறிஞ்சியது.

"கூடாதுங்காவ" என்றார் சித்தப்பா, மெதுவாக. சாக்கில் கட்டிக் கொண்டுபோவதைச் சொன்னார்.

ஆவுடை மட்டும் இடுப்பில் குடத்தோடு நின்ற இடத்தில் நின்றாள். "நெஞ்சுல சளி இருக்கு" என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

செத்துப்போன அண்ணாச்சியின் இருமல் பூனைக்கு எப்படி வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பொடிக்கடைப் பூனை என்பதால் இருக்கும் என்று செண்பகம் சொன்னாள், அது போதுமானதாக இருந்தது. அதைவிடப் பெரிய சங்கடங்கள் இருந்தன. ஒரு பூனைக்காக இறக்கிய வேட்டியை மறுபடி மடித்துக் கட்டலாமா? கட்டினால் முதலில் இறக்கினது மடத்தனம் என்று ஆகிவிடும், ஆகவே சித்தப்பா கட்டவில்லை, சித்தப்பா கட்டாததால் மற்றவர்களும் கட்டவில்லை, ஜோசப் சார் "எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்கு" என்று சொல்லி லுங்கியை இறக்கியே வைத்திருந்தார். அடுத்து, பூனையை எப்படிக் கூப்பிடுவது? புண்ணாக்கு என்று கூப்பிடக்கூடாது என்று முடிவானது, அண்ணாச்சி என்று கூப்பிட்டால் அது பால் குடிக்க வரவில்லை, எனவே மரியாதையையும் விடாமல் பசியையும் கவனித்து "புண்ணாக்கு அண்ணாச்சி, வாங்க" என்று செண்பகம் கூப்பிடத் தொடங்கினாள். அண்ணாச்சியின் நாற்காலி துடைக்கப்பட்டு முன்னறையில் போடப்பட்டது, பூனை அதில் ஏறி வட்டமாகப் படுத்துக்கொண்டது, அவரும் மத்தியானத்தில் அப்படித்தான் படுப்பார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எலி பிடித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பெரிய மனுஷர் சாப்பிடும்போது பார்க்கக்கூடாது. முற்றத்துச் சுவருக்கு மஞ்சள் அடிக்கலாமா, செண்பகத்தின் தம்பிக்கு ஆலங்குளத்துப் பெண்ணைப் பேசலாமா, ஜோசப் சார் வீட்டு முருங்கைக்கிளை எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்று எல்லா விவகாரமும் நாற்காலி முன்னால் வந்தது, பூனை ஒன்று இருமினால் உட்கார்ந்தார்கள், இரண்டு இருமினால் தலையாட்டினார்கள், மூன்று இருமினால் எழுந்து போனார்கள். அண்ணாச்சி போனதிலிருந்து வளவில் எந்தத் தகராறும் முடிந்ததில்லை. இப்போது முடிந்தது.

பூனை மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. கோமு அதன் விலாவில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே சோறு கொதிக்கிற சத்தம். அந்தச் சத்தத்தை அவள் ஏற்கெனவே ஒரு தடவை சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். இந்தத் தடவை சும்மா இருக்கப்போவதில்லை என்று பள்ளிக்கூடத்துக்குப் போவதுபோலக் கிளம்பி, சாப்பாட்டுக் கூடையில் பூனையை வைத்து மூடி, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா பசு மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பூனையை மேஜையில் வைத்ததும் அது ஒரு தடவை இருமியது, டாக்டரம்மா சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன வயசு?"

"ஆறு மாசம் இருக்கும்."

"இருமலுக்கு அறுபது இருக்கும் போலிருக்கே. பொடி போடுவாரா?"

"பூனையா?"

"இருமுறவர்."

"போடுவாவ."

டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டு குழலை நெஞ்சில் வைத்து, "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று பூனையிடம் சொன்னார். பூனை விட்டது. "சளிதான். இப்படியே விட்டா நெஞ்சு பூராவும் இறங்கிடும், இந்த உடம்பு தாங்காது. மாத்திரை தர்றேன், பொடிச்சு சாப்பாட்டுல கலந்து குடு. கதவைச் சாத்தி வெந்நீர் ஆவியில கொஞ்ச நேரம் வச்சிரு."

"குடுத்தா இருமல் போயிருமா?"

"போறதுக்குத்தானே மருந்து."

சாயங்காலத்துக்குள் வளவுக்கே தெரிந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் பசு மாட்டோடு நின்றது செண்பகத்தின் அத்தான். சித்தப்பா முற்றத்தில் கூட்டம் போட்டார்.

"ஏளா, அண்ணன் வாயை அடைக்கதுக்கு மாத்திரையா?"

"சித்தப்பா, அது பூனை. அதுக்குச் சளி பிடிச்சிருக்கு."

"அவாள்ட்டயே கேட்டுருவோம்" என்றாள் செண்பகம். "நாம எதுக்குப் பேசிக்கிட்டு?"

நாற்காலியோடு தூக்கி வந்து முற்றத்தில் வைத்தார்கள். "அண்ணே, மருந்து சாப்பிடுதியளா?" என்று சித்தப்பா கைகட்டிக் கேட்டார். நோயாளிப் பூனை, வாடைக்காற்று வேறு, அது மூன்று தடவை இருமாமல் என்ன செய்யும்? உறிஞ்சவும் செய்தது. கோமு அம்மாவைப் பார்த்தாள். ஆவுடை பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, முந்தானை நுனி மட்டும் விரலில் கயிறாகத் திரிந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து கோமு திருட்டு வைத்தியம் பார்த்தாள். மாத்திரையைக் கரண்டிக்காம்பால் பொடித்து நெத்திலிக் கருவாட்டுக்குள் திணித்தாள். ஆவிக்குத்தான் வழியில்லாமல் முழித்தபோது, அவளுக்கு அதிர்ஷ்டம் பாருங்கள், அம்மாவுக்குத் திடீரென்று வெந்நீர்க் குளியலில் ஆசை வந்துவிட்டது. தினமும் ஒரு தவலை நிறையக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுபோய்க் குளியலறையில் வைப்பாள், "ஆவி போயிராம கதவைச் சாத்துட்டி" என்பாள், அப்புறம் குழாயடிக்குப் போய் வெந்நீரை மறந்தே போய்விடுவாள். அப்பா போனதிலிருந்து அம்மாவுக்கு ஞாபகமறதி என்று கோமு வருத்தப்பட்டாள், வருத்தத்தோடேயே பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பூனைக்குக் குணமானது. மூக்கு காய்ந்தது, விலாவில் சதை பிடித்தது, நாற்காலியில் படுத்துக்கொண்டு வண்டி ஓடுகிற மாதிரி குறட்டை விட்டது. இருமல் சுத்தமாக நின்றது. வளவு தவித்துப்போய்விட்டது. யார் முதலில் குடம் வைப்பது என்று மறுபடி சண்டை, முருங்கைக்கிளை மறுபடி இரண்டு பக்கத்துக்கும் சொந்தம்.

"ரெண்டு நாளா அண்ணன் சத்தத்தையே காணோம்" என்றார் சித்தப்பா, நாற்காலியைச் சுற்றி வந்து. "இன்னும் ரெண்டு நாள் பாப்போம். சத்தம் இல்லன்னா அண்ணன் இல்லைன்னு அர்த்தம். அண்ணன் இல்லன்னா இது வெறும் பூனை."

வெறும் பூனைக்கு என்ன கதி என்று அவர் சொல்லவில்லை. சாக்கு பாத்திரக்கடைப் பரணில் இன்னும் இருந்தது.

கோமு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சத்தம் வெளியே போகாமல் இருக்கத் தலையைக் காலி வாளிக்குள் விட்டாள். முதல் இருமல் கண்டக்டர் இருமலாக வந்தது. இரண்டாவது தலைமையாசிரியை இருமலாக வந்தது. தொண்டையில் தேடினால் கிடைக்காது என்று அப்புறம்தான் தெரிந்தது. அது வயிற்றுக்கும் கீழே, யாரோ எதையோ கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருக்கிற ஒரு இடத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அங்கேயிருந்து எடுத்தாள். வாளிக்குள் அப்பா இருமினார்.

மறுநாள் முன்னறையில் பஞ்சாயத்து. நாற்காலிக்குப் பின்னால் அரிசி டிரம், டிரம்முக்குப் பின்னால் கோமு, கோமுவின் கையில் நூலில் கட்டின நெத்திலி. நூலை அசைத்தால் பூனை நிமிர்ந்து வாயைத் திறக்கும், திறந்த வாய்க்கு அவள் இருமலைக் கொடுப்பாள். "அண்ணே, முருங்கைக்கிளை?" என்று ஜோசப் சார் கேட்டார், அண்ணே என்று கூப்பிடுகிற அளவுக்கு அவருக்கு மரியாதை முற்றியிருந்தது. நூல் ஆடியது, வாய் திறந்தது, இரண்டு இருமல். ஜோசப் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முன்னைக்கு இப்ப சத்தம் இன்னும் கணீர்னு இருக்கு" என்றார் சித்தப்பா. ஆக, பூனையின் நிஜ இருமலைவிடக் கோமுவின் பொய் இருமலுக்கு மதிப்பு கூடுதல்.

இங்கேயே சிரித்துவிடலாம் போலத் தோன்றும். கோமு சிரித்தாள், எல்லோரும் போன பிறகு தலையணையைக் கடித்துக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்தாள். ஆனால் சொன்ன சிரிப்பு இது இல்லை.

மார்கழி வந்தது. தினமும் இருமி இருமி அவள் தொண்டை உப்புக்காகிதம் மாதிரி ஆனது. நல்லவேளையாக அம்மா தினமும் சாயங்காலம் பாலில் மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றி ஆற்றுவாள். ஒன்றைக் கோமுவிடம் நீட்டுவாள்.

"இருமல் பூனைக்குத்தானேம்மா" என்றாள் கோமு ஒரு நாள்.

"குடிட்டி. தொண்டைக்கு நல்லது."

"இன்னொரு டம்ளர் யாருக்கு?"

"எனக்குந்தான் தொண்டைன்னு ஒண்ணு இருக்கு" என்றாள் ஆவுடை.

ஜனங்கள் ஏமாறுகிற அழகைக் கோமு ரசித்தாள். முடுக்கிவிட்டால் போதும், அதன்பிறகு தானாகவே ஏமாறுகிறார்கள் என்பது அவளுடைய பெரிய கண்டுபிடிப்பு. ஒரு நாள் அவள் பள்ளிக்கூட லேபில் தராசில் உப்பு நிறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணாச்சி இருமினதாகச் செண்பகம் சத்தியம் பண்ணினாள். இன்னொரு நாள் சித்தப்பாவே வந்து, "மத்தியானம் அண்ணன்ட்ட பீரோச் சாவியைக் கேட்டேன், மதினி அடுக்களையில இருந்தாவ, அண்ணன் மூணு தடவை இருமிட்டாவ. இனி சாவிப் பேச்சை எடுக்க மாட்டேன்" என்று சொன்னார். கோமு முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேட்டாள். குற்றமுள்ள மனசுக்கு எதுவெல்லாம் கேட்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முன்னறை சன்னலோரம் ஒரு தையல் மெஷின் நிற்கிறது.

"எதும்மா இது?"

"ஒங்கப்பாட்ட கேட்டேன்" என்றாள் ஆவுடை, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. "ரெண்டு தடவை இருமினாவ."

பாவம், அம்மாவுக்கும் கேட்க ஆரம்பித்துவிட்டது என்று கோமுவுக்கு லேசாக மனசு உறுத்தியது. அம்மாவை ஏமாற்றும் எண்ணம் அவளுக்கு இருந்ததில்லை. ஆனாலும் மெஷின் நல்ல மெஷின், அம்மா பாட்டு முணுமுணுத்தபடி மிதிக்கிறாள், அதனால் உறுத்தலை அடக்கிக்கொண்டாள்.

வளவு முழுக்க நாற்காலிக்குக் கட்டுப்படுவதைப் பார்த்துப் பார்த்துச் சித்தப்பாவுக்கு ஒரு எண்ணம் உருண்டு திரண்டு வந்தது. அண்ணன் தம்பி வீட்டில் இருப்பதுதான் முறை. அண்ணன் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் வளவு கைகட்டி நிற்கும். தை பிறந்ததும் அழைத்துக்கொண்டு போய்விடுவது என்று நாள் குறித்துவிட்டார், பூனைக்குத் தன் வீட்டு மாடியில் அறை ஒதுக்கினார், வெளியே ஓடிவிடாமல் இருக்க அறை சன்னலுக்குக் கம்பிவலையும் அடித்தார்.

"என்னதான் மரியாதையா வச்சாலும் அது ஜெயில்தானம்மா" என்றாள் கோமு. "அங்க அது இருமாது. இருமலன்னா சாக்குதான்."

"இங்கயே கேக்கட்டும்" என்றாள் ஆவுடை. "போக மாட்டேன்னு சொன்னா யாரு கொண்டுபோவா?"

அதுதான் சரி. மூன்று இருமல், ஒரு உறிஞ்சல், விஷயம் முடிந்துவிடும். உறிஞ்சல்தான் கோமுவுக்கு இதுவரைக்கும் சரியாக வந்ததில்லை, அழுகிற பிள்ளை மூக்கைச் சிந்துவதுபோல ஆகிவிடும். அதை விட்டுவிட்டுத்தான் இத்தனை நாள் சமாளித்தாள். இந்தத் தடவை அதையும் கொண்டுவர வேண்டும் என்று பொங்கலுக்கு முந்தின மூன்று நாளும் வாளிக்குள் தலையை விட்டு, விடாமல் இருமிப் பழகினாள், விடாமல் உறிஞ்சிப் பழகினாள், மாட்டுப்பொங்கல் அன்று காலையில் எழுந்து "அம்மா" என்று கூப்பிட்டால் காற்று மட்டும் வந்தது.

பஞ்சரான சைக்கிள் டியூப் மாதிரி. கண்டக்டர் இல்லை, தலைமையாசிரியை இல்லை, குக்கர்கூட இல்லை. ஊரே காலி பண்ணிக்கொண்டு போய்விட்டது.

வெந்நீர் குடித்தாள், உப்பு போட்டுக் கொப்பளித்தாள், பாலைக் குடித்தாள், வாசலில் உறுமி மேளம் கேட்டது. சித்தப்பா பட்டு வேட்டியைத் தரையில் புரளவிட்டுக்கொண்டு வந்தார், பின்னால் இரண்டு பேர் சீர்த்தட்டு மாதிரி ஒரு பிரம்புக்கூடையை ஏந்தி வந்தார்கள், கூடைக்குள் வெல்வெட்டுத் தலையணை, மூடிக்குத் தாழ்ப்பாள். வளவு முழுக்க முற்றத்தில் கூடியிருந்தது, செண்பகம் குலவை போடலாமா வேண்டாமா என்று ஜோசப் சாரைக் கேட்டாள், ஜோசப் சார் எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று சொல்லிவிட்டு, போடலாம் என்றார்.

கோமு டிரம்முக்குப் பின்னால் போகவில்லை. போய் என்ன பிரயோஜனம்? பூனையை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்னறையின் நடுவில் நின்றாள். பிடுங்கினால் பிடுங்கட்டும் என்று நினைத்தாள். பூனையின் விலா அவள் கைக்குள் சுகமாக ஏறி இறங்கியது, ஒரு கொதிப்பும் இல்லை. அதைக் குணப்படுத்தியதுதான் அதற்குச் செய்த துரோகமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"அண்ணே" என்றார் சித்தப்பா, உள்ளே வந்து கைகட்டி, முதுகை வளைத்து. "தம்பி வீட்டுக்கு வாரியளா?"

பூனை கொட்டாவி விட்டது. கோமு வாயைத் திறந்தாள். காற்று.

"ஒண்ணும் சொல்லலயே" என்றாள் செண்பகம்.

"வேண்டாம்னா சொல்லியிருப்பாவல்லா" என்றார் சித்தப்பா. முகம் மலர்ந்துவிட்டது. தாழ்ப்பாளை நீக்கிக் கூடையைத் திறந்தார். இரண்டு கையையும் பூனையைப் பார்த்து நீட்டினார். "ஏளா, குடு."

அப்போது இருமல் வந்தது.

ஒன்று. முற்றத்தில் மேளம் நின்றது. இரண்டு. நீட்டின கை நின்றது. மூன்று. அதன் வாலில், எந்த அவசரமும் இல்லாமல், நிதானமாக, பொடியைக் கட்டைவிரலால் தட்டி இழுத்த மாதிரி ஒரு சின்ன உறிஞ்சல். கோமுவுக்கு எத்தனை வாளியிலும் வராத உறிஞ்சல். இருபது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டவர்களுக்கு மட்டும் வரக்கூடிய உறிஞ்சல்.

சித்தப்பா கூடையை மூடித் தாழ்ப்பாள் போட்டார். "அண்ணன் இஷ்டம்" என்றார். செண்பகம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இத்தனை மாசத்தில் இருமல் கேட்டால் பூனையைப் பார்த்துப் பழகிவிட்டது.

கோமு பூனையைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. நாக்கை நீட்டி அவள் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது. இருமல் வந்தது பூனையிடமிருந்து அல்ல, முற்றத்திலிருந்தும் அல்ல. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

பாதி விலகியிருந்த அடுக்களைத் திரைக்குப் பின்னால் ஆவுடை முதுகைக் காட்டிக்கொண்டு பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். மேடையில் இரண்டு டம்ளர். ஒன்று ஏற்கெனவே பாதி குடித்திருந்தது. கொதிக்கக் கொதிக்க வைத்துவிட்டு மறந்துபோன தவலை மூலையில் கவிழ்ந்து கிடந்தது. மத்தியானத்தில் இருமின அண்ணாச்சி, கிடைக்காமல் போன பீரோச் சாவி, சன்னலோரத்துத் தையல் மெஷின் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோமுவின் கண்ணுக்குள் வரிசையில் வந்து நின்றன.

ஆவுடை திரும்பி அவளைப் பார்த்தாள். சேலை நுனியால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"குடிட்டி" என்றாள். "ஆறிரப் போவுது."

கோமுவுக்குச் சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து, பூனையே குலுங்கும்படி, கண்ணில் தண்ணீர் கொட்டும்படி வந்தது. சத்தம்தான் வரவில்லை. அதைப் பார்த்த செண்பகம், பிள்ளை அப்பாவை நினைத்து அழுகிறாள் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னாள்.